பிடுங்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த பல் இம்ப்ளான்ட் (தாடை எலும்புல ஸ்க்ரூ வச்சு செயற்கைப் பல் மாட்டறது) பத்தின கட்டுரை நல்லாதான் இருந்துச்சு, ஆனா பல்லை எடுத்த அன்னைக்கே அந்தக் குழியில எலும்புத் தூள் நிரப்பி தாடையைக் காப்பாத்தலாம்ங்கற விஷயத்த ஒரே வரியில தாண்டிட்டீங்க. பல் போன இடத்துல எலும்பு அப்படியே இருக்காது, கரையும், ஒரு வருஷத்துல அகலத்துல பாதி வரைக்கும் போகலாம், அதுலயும் பெரும்பகுதி முதல் 3 மாசத்துலயே. எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்தப்ப பஞ்சைக் கடிச்சுக்கங்க, ஐஸ்கிரீம் சாப்பிடுங்கன்னாங்க, அவ்ளோதான். 2 வருஷம் கழிச்சு இம்ப்ளான்ட்டுக்குப் போனா ஸ்கேன்ல எலும்பு கத்தி முனை மாதிரி நிக்குது, முதல்ல எலும்பை வளர்த்துட்டு அப்புறம்தான் ஸ்க்ரூன்னுட்டாங்க.

எல்லாருக்கும் இது வேணும்னு சொல்லல, இந்த எலும்புத் தூளை (கிராஃப்ட்) வச்சாலும் தாடை எலும்பு கொஞ்சம் கரையத்தான் செய்யும், இம்ப்ளான்ட் எண்ணமே இல்லாதவங்களுக்கு வீண் செலவு. ஆனா பிடுங்கறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கற ஃபார்ம்லயே தமிழ்ல ரெண்டு வரி சேக்கலாமே: இப்படி ஒரு வழி இருக்கு, இவ்ளோ செலவாகும், தூள் மாட்டெலும்பா, மனுஷ எலும்பா, செயற்கையான்னு (எங்க வீட்ல முதல் கேள்வியே அதான்).

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை