கூட்டம் எங்கே நடக்கிறது?

ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் கசிப்பு (கள்ளச்சாராயம்) எந்த வளவில் கிடைக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தம்பிக்காக அலைந்து விசாரித்துக் கடைசியில் மட்டக்களப்பு டவுனுக்குள் ஒன்றைக் கண்டுபிடித்தோம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முறைதான். பிளாஸ்டிக் கதிரை, பிளேன்டீ, கட்டணம் இல்லை, முழுப்பெயரும் கேட்பதில்லை, முக்கியமாக யாரும் புத்தி சொல்வதில்லை (அவனுக்குப் பிடித்ததே அதுதான்). ஆனால் கூட்டம் முடியும்போது இருட்டிவிடும், வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் படுவான்கரைக்குத் திரும்பப் பஸ் கிடையாது.

ஆஸ்பத்திரி, கோயில், சேர்ச் வாசல்களில் கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டினால் என்ன? அப்புறம், நாள்பட்டுக் குடிப்பவர் சடாரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம், முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஓர் அக்கா,
படுவான்கரை