கரையை வழித்தெடுக்கும் முன்: ஏரி சுத்தம் செய்ய வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

சேலத்திலும் சுற்று ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, அரிவாளும் மண்வெட்டியுமாக ஏரிக்கரையில் வந்து நிற்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் கன்னங்குறிச்சிப் பக்கம் குடியிருப்பவள். உங்களோடு சேர்ந்து பாட்டிலும் பாலித்தீன் பையும் பொறுக்கியிருக்கிறேன். உங்கள் உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் மனதில் உள்ளதைச் சொல்லத் தோன்றியது.

போன ஆனி மாதம் ஒரு ஏரியில் இரண்டு நாள் பொக்லைன் ஓடியது. எந்த ஏரி என்பது வேண்டாம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கரை மொழுமொழுவென்று இருந்தது. சாக்கடை வந்து சேரும் மூலையில் ஆள் உயரம் நின்ற சம்புக் கோரை ஒன்றுகூட இல்லை. ஆரைக்கீரை மெத்தை போலப் படர்ந்திருந்த இடத்தில் சக்கரத் தடம். அங்கே நின்ற தம்பியிடம், ஏன் எல்லாவற்றையும் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் களைதானேக்கா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவற்றின் பேரை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது அம்மாயி. வாய்க்கால் ஓரமாகக் குனிந்து கீரை பறித்துக்கொண்டே போவார். முந்தானை நிறைவதற்குள் நாலு செடியின் பேராவது எனக்குத் தெரிந்திருக்கும். ஒரு காம்பில் நாலு இலை இருந்தால் ஆரை. வட்ட இலையாகத் தரையோடு ஓடினால் வல்லாரை. சிறுத்த, சதைப்பற்றான இலையோடு ஈரத்தில் படர்ந்து, வெளுத்த ஊதாப் பூ பூப்பது நீர்ப்பிரமி. கணுவுக்குக் கணு முள்ளும் நீலப் பூவும் வைத்திருப்பது நீர்முள்ளி. அதன் பக்கம் கை வைக்க விடமாட்டார். கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, பொடுதலை எல்லாம் பாதையிலேயே காலில் மிதிபடும். ஆரை ஒரு கீரை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அது பெரணி இனத்தைச் சேர்ந்தது, பூக்காது, காய்க்காது என்று பின்னால்தான் தெரிந்தது. குளம் வற்றினால் அவரை விதை போன்ற சிறு கெட்டி உறைகளுக்குள் தன் வித்துகளை மூடி வைத்துக்கொண்டு மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீர் வந்தால் மறுபடி முளைக்கும். கொட்டி என்ற நீர்ச்செடியும் அப்படித்தான், சேற்றுக்குள் கிழங்காகக் கிடக்கும். கொட்டியையும் ஆம்பலையும் பாட்டில் மனப்பாடம் செய்த பிள்ளைகளில் எத்தனை பேர் கொட்டியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

காய்ந்த ஏரியின் மேல்மண் வெறும் மண்ணல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அடுத்த மழைக்கு வர வேண்டிய காடு அதற்குள் படுத்திருக்கிறது. கோடையில் கரையிலிருந்து கரை வரை ஓரடி ஆழத்துக்கு வழித்து லாரியில் ஏற்றினால் விதை, கிழங்கு, உறை எல்லாம் சேர்ந்து போய்விடும். தூர் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்துக் கரையையாவது தொடாமல் விடுங்கள். மழைக்குப் பின் அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் பரவிக்கொள்ளும்.

மூக்கனேரியைப் பாருங்கள். சேர்வராயன் மலையடிவாரத்து ஏரி, மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி வந்து நிறையும் இடம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரத்து மக்கள் கூடி அதைத் தூர்வாரியபோது, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் கொட்டி மரம் நட்டார்கள். இன்று தண்ணீருக்கு நடுவே தோப்புகள் நிற்கின்றன. மரத்தில் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. மரத்தைப் பார்த்து எல்லோரும் படம் எடுக்கிறோம். மரத்தடியிலும் தண்ணீர் விளிம்பிலும் இருக்கிற அரையடிச் செடிகளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

"புதர் இருந்தால் கொசு வரும்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் காரணம். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் வளர்கிறது, கொசுப் புழுவைத் தின்கிறது. வளர்ந்ததும் நீரிலிருந்து நீட்டி நிற்கும் ஒரு தண்டில் ஏறித்தான் பெரும்பாலும் தோலை உரித்துவிட்டுப் பறக்கும். தண்டே இல்லாத கரையில் அது எதைப் பிடித்து ஏறும்? முக்குளிப்பானின் மிதக்கும் கூட்டைப் பிடித்து நிறுத்துவதும் இந்தச் செடிகள்தான். நீலத்தாழைக்கோழி சம்புக்குள் முட்டையிடுகிறது. சாக்கடை நுழையும் இடத்தில் நிற்கும் சம்பு, வண்டலைத் தடுத்து அழுக்கிலுள்ள சத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. அதிகமாகிவிட்டால் ஒரு பகுதியை மேலே அறுத்து விடுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள்.

பிடுங்கவே வேண்டியவையும் உண்டு. நாம் ஆகாயத்தாமரை என்று சொல்லும் ஊதாப்பூச் செடி உண்மையில் வெங்காயத்தாமரை. காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பழைய ஆகாயத்தாமரை வேறு, அது முட்டைக்கோசு விரிந்தது போல மிதக்கும். வெங்காயத்தாமரையை எடுத்துக் கரையிலேயே குவிக்காதீர்கள், அழுகிய சத்து மழையில் மறுபடி ஏரிக்கே வரும். சாக்கடையை நிறுத்தாமல் இதை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் நம் கைதான் வலிக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டும்போது துண்டுகளைச் சேற்றில் விடக் கூடாது, விழுந்த துண்டு அங்கேயே வேர்விடும். உண்ணிச்செடியையும் எடுங்கள்.

சீமைக் கருவேலத்தில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிறிய நீளக் கதிர். இந்த வித்தியாசத்தை ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். வெட்டிய மரத்தில் கொக்குக் கூடு இருந்தால் அதைத் திரும்ப வைக்க முடியாது.

மலைக்கும் இதே கதைதான். வெர்னோனியா செவராயென்சிஸ் என்று ஒரு சிறு மரம் இருக்கிறது. தாவரவியலாளர் ஜே.எஸ். கேம்பிள் இட்ட பேர். சேர்வராயன் மலைக்கே உரியது, மலையின் பேரையே தாங்கி நிற்கிறது. ஏற்காட்டுக்கு மாதம் ஒருமுறை போய்வரும் நம்மில் எத்தனை பேருக்கு அதை அடையாளம் தெரியும்? எனக்கும் முதலில் ஒருவர் நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எந்த ஏரியில் இறங்குவதற்கும் ஒரு வாரம் முன்பு, கருவி எதுவும் இல்லாமல் ஒருமுறை சுற்றி நடங்கள். ஊரில் கீரை பறிக்கிற அம்மா ஒருவரையும் தாவரவியல் படித்த ஒருவரையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். அவர்களில் முன்னவரைத்தான் நான் அதிகம் நம்புவேன். பறிக்க வேண்டாம். இலை, இலையின் பின்புறம், பூ, காய் என்று படம் எடுத்து, ஊர்ப் பேரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளுக்குப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்த நோட்டின் நகலை அந்தக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பிறகு எதை வெட்டுவது, எதை விடுவது என்று கரையிலேயே துணி கட்டி அடையாளம் வையுங்கள். பொக்லைன் ஓட்டுபவருக்கும் அதைக் காட்டுங்கள்.

மூக்கனேரிக் கரையில் தொடங்குவதாக இருந்தால் நானும் வருகிறேன். காலை ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். இரவெல்லாம் மடித்து வைத்திருந்த நாலு இலையை ஆரை அந்த நேரத்தில்தான் விரிக்கும்.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சியிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி