குழித்துறைக்கு இரண்டு சொல்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த குமரி மாவட்டச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை எல்லாம் இருந்தன. குழித்துறை மட்டும் ‘மார்த்தாண்டம் அருகே’ என்பதோடு சரி. உண்மையில் மார்த்தாண்டம்தான் குழித்துறை நகராட்சிக்குள் இருக்கிறது. கடைகளும் மேம்பாலமும் அங்கே போனதால் பெயரும் அந்தப் பக்கமே போய்விட்டது.

எங்கள் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இது வேறு ஆறு. கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தொட்டு, தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகின்றன. மலையில் நல்ல மழை பெய்து அணையைத் திறந்துவிட்டால் இங்கே சப்பாத்து என்கிற தரைப்பாலம் முங்கிவிடும். அப்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் பார்க்க நிற்கிற கூட்டத்தில் நானும் உண்டு.

ஊரைப் பார்க்க நல்ல நேரம் ஆடி அமாவாசை. விடியும் முன்பே ஈரவேட்டியோடு ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலியிட, அதாவது தர்ப்பணம் செய்ய, ஆட்கள் வந்துவிடுவார்கள். அது முடிந்தால் நேரே வாவுபலி (அமாவாசை பலி) பொருட்காட்சி. நகராட்சி நடத்துகிறது. ராட்டினமும் அப்பளக் கடையும் எந்த ஊரிலும் கிடைக்கும்; இங்கே விசேஷம் செடிக்கடைதான். தென்னம்பிள்ளை, சக்கை (பலா), மா, ரம்புட்டான், நல்லமிளகுக் கொடி என்று வரிசையாக வைத்திருப்பார்கள். ‘ஒட்டா, விதைக் கன்றா? எத்தனை வருஷத்தில் காய்க்கும்?’ என்று விலை பேசியபடி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவார்கள். பெரியவர்களுக்குப் பலி கொடுத்த கையோடு பிள்ளைகளுக்காக ஒரு மரம் நடுகிற இந்த வழக்கத்தை உங்கள் நிருபர் ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

பழைய கதையும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. விளவங்கோடு தாலுகாவுக்குத் தலைமையிடம் குழித்துறை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஊரைப் பற்றிப் பெருமை மட்டும் பேசினால் சரியாகாது. மணல் வாரியதில் ஆறு பள்ளமாகிக் கிடக்கிறது. கடைத்தெருச் சாக்கடை எங்கே கலக்கிறது என்று பாலத்தில் நின்றாலே தெரியும். குளிக்கிற படித்துறையில் பாசி. வயதானவர்கள் பிடித்து இறங்கக் கம்பி இல்லை. வாவுபலிக்கு இத்தனை பேர் வருகிற இடத்தில் இதையாவது செய்து தரலாம்.

அடுத்த ஆடிக்கு முன்னால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதாவது கம்பி வருகிறதா பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேல்புறம், கன்னியாகுமரி மாவட்டம்