முதல் கடலோட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். உங்கள் கப்பல் கட்டும் தளத்தில் முடியும் தறுவாயில் இருக்கும், அணுசக்தியால் இயங்கும் தாக்குதல் நீர்மூழ்கி முதன்முறையாகக் கடலில் இறங்கி மூழ்கிப் பார்க்கும் கடலோட்டத்தில், தரச் சோதனைப் பிரிவிலிருந்தும் சிலர் உடன் செல்வார்கள், அதற்கு உன் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தில், ஒரே வெல்டிங்கைப் பலர் திரும்பத் திரும்பப் பார்த்துக் கையெழுத்திடுவது சலிப்பைத் தருகிறது என்றும் எழுதியிருந்தாய். இவை இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுவதால், சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் பணிக்காலம் முழுவதும் பாய்லர்களின் வெல்டிங்கைச் சோதிப்பதில் கழிந்தது என்பது உனக்குத் தெரியும். பாய்லரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. உருளை சற்றுக் கோணியிருந்தாலும் அந்த அழுத்தமே அதை வட்டமாக்கப் பார்க்கும். நீர்மூழ்கியில் கடல் வெளியிலிருந்து அமுக்குகிறது. இருக்கிற கோணலை அது மேலும் கோணலாக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 300 மீட்டரில் கப்பல் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 30 கிலோ எடை அழுந்துகிறது. எஃகுத் தகட்டை வளைத்து, உள்ளே விலா எலும்புகளைப் போல வளையச் சட்டங்களைப் பொருத்திய பிறகு, வட்டம் வட்டமாகவே இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப அளப்பது இதற்காகத்தான். அந்த உயர்வலிமை எஃகை வெல்டிங்குக்கு முன் சூடாக்குவதற்கும், முடிந்த பின் உடனே சோதிக்காமல் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு: உள்ளே சிக்கிய ஹைட்ரஜனால், இன்று பழுதற்றதாகத் தெரிந்த மூட்டில் நாளை விரிசல் தோன்றலாம்.

இன்றைய கட்டுமான முறை இந்தச் சோதனைகளின் பொறுப்பை இன்னும் கூட்டியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா வகைக் கப்பல்களையே எடுத்துக்கொள்: சுமார் 115 மீட்டர் நீளம், 10 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம், மூழ்கிய நிலையில் ஏறத்தாழ 7,800 டன். உடலைத் தனித்தனி வளையப் பகுதிகளாகச் செய்து, தளங்களையும் எந்திரங்களையும் குழாய்களையும் அவற்றினுள் முன்கூட்டியே பொருத்தி, கடைசியில் குரோட்டன், நியூபோர்ட் நியூஸ் என்னும் ஊர்களின் கப்பல் தளங்களில் ஏதேனும் ஒன்றில் ஒன்றோடொன்று வெல்டிங் செய்கிறார்கள். இவ்வகையின் முதல் கப்பலுக்கு 1999 செப்டம்பரில் அடிக்கட்டை இடப்பட்டது. அது கடற்படையில் சேர்ந்தது 2004 அக்டோபர் 23 அன்று. அதன் அணு உலை, எரிபொருள் மாற்றாமலே சுமார் 33 ஆண்டுகள், அதாவது கப்பலின் ஆயுள் முழுவதும், இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. எரிபொருள் மாற்றுவதற்காக உடலை வெட்டித் திறக்கும் தேவை எழாது. எனவே உடல் மூடப்படும் முன் நீ பார்க்கத் தவறியதை இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொள்வார் என்று எண்ண இடமில்லை.

அமெரிக்காவின் அணு நீர்மூழ்கியான திரெஷர் கப்பலைப் பற்றி நீ பயிற்சியில் படித்திருப்பாய். ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1963 ஏப்ரல் 10 அன்று, பழுதுபார்ப்பு முடிந்து சோதனை ஓட்டத்துக்குச் சென்ற அந்தக் கப்பல், அமெரிக்காவின் கேப் காட் முனைக்குக் கிழக்கே நடுக்கடலில் 129 பேருடன் மூழ்கிப்போனது. எந்திர அறையில் கடல்நீர்க் குழாயின் மூட்டொன்று விட்டுப்போயிருக்கலாம், பீறிட்ட நீர் மின்கருவிகளைத் தாக்கியதில் உலை நின்றிருக்கலாம் என்று விசாரணை மன்றம் கருதியது. மேலெழுவதற்காகத் தொட்டிகளுக்குள் செலுத்திய உயரழுத்தக் காற்று விரிந்து குளிர்ந்தபோது, அதிலிருந்த ஈரம் வடிகட்டிகளில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்தது என்றும் கருதப்படுகிறது. என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. அந்தப் பழுதுபார்ப்பின்போது வெள்ளிப் பற்றாசு வைத்து இணைத்த குழாய் மூட்டுகளில் 145-ஐ மீயொலியால் சோதித்தார்கள். ஏறத்தாழ 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே, மீதியிருந்த ஆயிரக்கணக்கான மூட்டுகளைச் சோதிக்காமல் கப்பலை அனுப்பினார்கள். குறை தெரியாமல் போகவில்லை மகளே, தெரிந்தும் யாரும் நிறுத்தவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் சப்சேஃப் என்னும் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. கடல்நீரைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு பாகத்துக்கும், அதன் உலோகம் எந்த முறை உருக்கிய தொகுதியிலிருந்து வந்தது, யார் வெல்டிங் செய்தார், யார் சோதித்தார் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும் என்று அது விதித்தது. அதற்குப் பின் அமெரிக்கா இழந்த ஒரே அணு நீர்மூழ்கி 1968-இல் மூழ்கிய ஸ்கார்ப்பியன். அது இந்தச் சான்றிதழைப் பெறாத கப்பல். உனக்குச் சலிப்பூட்டும் அந்தத் தாள்கள்தாம் இத்தனை ஆண்டுகள் கப்பல்களைக் கரை சேர்த்திருக்கின்றன.

ஆனால் தாளும் பொய் சொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில், நீர்மூழ்கிகளுக்கு எஃகு வார்ப்புகளைச் செய்த ஆலை ஒன்றின் உலோகவியலாளர், 1985 முதல் 2017 வரை 200-க்கும் மேற்பட்ட உருக்குத் தொகுதிகளின் சோதனை முடிவுகளைத் திருத்தியெழுதியதை 2021-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மைனஸ் 100 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் சோதிக்க வேண்டும் என்ற விதியே அறிவற்றது என்று அவர் எண்ணியிருந்தார். விதி தேவையற்றது என்று உனக்கும் ஒருநாள் தோன்றலாம். அப்போது விதியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுது. எண்ணை மட்டும் தொடாதே.

இனி கடலோட்டம். உலை துறையிலேயே இயக்கிப் பார்க்கப்பட்டு, மாலுமிகள் தேர்ச்சி பெற்ற பிறகுதான் கப்பல் புறப்படும் என்றாலும், முதல் மூழ்கல் முதல் மூழ்கல்தான். அமெரிக்க அணுசக்திக் கடற்படையை உருவாக்கிய ரிக்கோவர், புதிய கப்பல்களின் முதல் கடலோட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் தாமே உடன் சென்றார். உத்தரவாதம் கொடுப்பவர் உள்ளே இருக்க வேண்டும் என்ற அந்த வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன் விலையையும் நீ அறிந்திருக்க வேண்டும். திரெஷரில் மாண்டவர்களில் 17 பேர் மாலுமிகள் அல்லர். உன்னைப் போன்ற தொழில்நுட்பப் பணியாளர்கள். 2008 நவம்பர் 8 அன்று ரஷ்யாவின் நெர்ப்பா நீர்மூழ்கி சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, தீப்பிடிக்காமலேயே தீயணைப்பு அமைப்பு இயங்கி, வாயு நிரம்பி 20 பேர் இறந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தளத்திலிருந்து சென்றவர்களே. சோதனை ஓட்டத்தில் வழக்கத்தைவிட அதிகமானோர் நெருக்கி ஏறுகிறார்கள். கப்பலின் பயிற்சி அத்தனை பேருக்கும் இருப்பதில்லை.

ஆகவே, பெயரைக் கொடு. கொடுப்பதற்கு முன், நீ கையெழுத்திட்ட மூட்டுகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஏதேனும் ஒன்றில் மனம் தயங்குகிறதா என்று பார். தயங்கினால் கப்பல் தாமதமானாலும் பரவாயில்லை, அதை மறுபடி சோதிக்கச் சொல். ஏறியவுடன் உன் படுக்கைக்கு அருகே மூச்சுக்கவசம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையால் எடுத்து மாட்டிப் பழகு; யாராவது வேடிக்கையாகப் பார்த்தாலும் பொருட்படுத்தாதே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா