சும்மாடு சுற்ற நினைவிருக்கிறதா?

டர்பன், தென்னாப்பிரிக்கா
ஞாயிறு இரவு

அன்புள்ள குருவிக்கு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், தெரியும். மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி சொன்னாள். பிள்ளைக்கு உன் மூக்கு வராமல் இருந்தால் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியப்பா இன்னும் அந்தக் குடைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் எழுதாததற்குக் காரணம் ஒரு தலையணி. தொப்பியும் இல்லை, கிரீடமும் இல்லை. தலையில் வைத்து நடக்கிற சிற்பம் என்று வைத்துக்கொள். நியூசிலாந்தில் சூசி மான்கிரீஃப் என்ற சிற்பி 1987இல் நெல்சன் ஊரில் ஒரு நிகழ்ச்சி தொடங்கினாராம். உடுத்துகிற துணியையே கலையாக்கி மேடையில் நடக்கவிடுவது. இப்போது வெலிங்டனில் பெரிதாக நடக்கிறது. மகள் படங்களைக் காட்டினாள், அன்றோடு என் தூக்கம் போயிற்று. முப்பது வருஷமாகக் கல்யாண பிளவுஸும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். கழுத்துக்கு மேலே ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆனால் இந்த நாட்டில் ஒருவர் யார் என்பதைத் தலையைப் பார்த்துத்தானே முடிவு செய்தார்கள், குருவி? 1950இல் ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிய மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. சந்தேகம் என்றால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் ஓர் இனம், நின்றால் வேறு இனம். கூடப்பிறந்தவர்களையே பிரித்துப் பதிந்திருக்கிறார்கள். ஜூலுப் பெண்களின் தலை பேசுவது வேறு பேச்சு. கல்யாணமானவள் என்று சொல்ல அகலமான செந்நிற இசிகோலோ வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அது முன்காலத்தில் தொப்பியே இல்லை. செம்மண்ணும் கொழுப்பும் பூசி விரித்துக் கட்டிய அவர்கள் சொந்த முடி. கழற்றி மாட்டுகிற தொப்பியானது பிறகுதான். முடியே அணியாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இதையெல்லாம் மனதில் வைத்து ஒன்று கட்டினேன். கம்பிக் கூடு, அதன்மேல் பக்ரம் என்கிற விறைப்புத் துணி, சுற்றிலும் கரும்புச் சோகை, சோகைக்கு நடுவே நட்டுக்குத்தாக நூறு பென்சில். மேசைமேல் நிற்கும்போது அவ்வளவு அழகு. மகள் தலையில் வைத்தால் பத்து நிமிஷம் தாங்கவில்லை. முன்பக்கம் சாய்ந்தது, அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நிறுத்துப் பார்த்தேன், இரண்டு கிலோவுக்கும் மேல். எடுத்தபோது கம்பி விளிம்பு அவள் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் ஆயா ஞாபகம் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டத்திலிருந்து கீரையும் கத்தரிக்காயும் கூடை கூடையாகச் சுமந்தாளே, அவள் நெற்றியில் ஒரு நாளாவது கோடு பார்த்திருக்கிறோமா? பழைய நூல்சேலையைக் கிழித்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி முறுக்குவாள். முறுக்கியதை மூன்று விரலில் சுற்றி, வால் முனையை உள்ளே செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு. சும்மாடு தயார். நானும் ராத்திரியே ஒன்று சுற்றிக் கம்பிக்கூட்டின் அடியில் வைத்துத் தைத்தேன். பாரம் விளிம்பை விட்டு உச்சிக்கு வந்து, நேராக முதுகெலும்பில் இறங்கிவிட்டது. மகள் ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள், பாத்திரம்கூடக் கழுவினாள்.

இன்னொன்று கேள். மணி வாங்க வார்விக் சந்தைக்குப் போனேன், பையில் அந்தச் சும்மாடு. கடைக்காரம்மா எடுத்துப் பார்த்து, "இன்காதா!" என்றாள். அவள் மூட்டைக்கு அடியில் வைப்பதும் அதேதான், துணிக்குப் பதில் புல். ஜூலு ராஜ்யத்தின் ஒற்றுமைக்கு அடையாளமாக அவர்கள் மன்னர்கள் காத்துவந்த புல்வளையத்துக்கும் அதே பெயர். என் சும்மாட்டைத் தன் தலையில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று அவிழ்த்து, தானே இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள். இப்போது கூட்டுக்கு அடியில் இருப்பது அவள் சுற்றியதுதான். நான் கை வைக்கவில்லை.

இனி என் கவலைக்கு வருகிறேன். 1860இல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை நம் ஆட்கள் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்த நேட்டாலில் இறங்கினார்கள், ஆளுக்கொரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் இருக்கிறது. ஆயாவின் அம்மாவுடைய எண்ணை அந்தத் தலையணியின் முகப்பில் மணியால் கோக்க நினைத்தேன். அக்கா சண்டைக்கு வந்துவிட்டாள். "மாட்டுக்குச் சூடு போடுவது மாதிரி போட்ட எண். அதை நீயே தூக்கித் தலைமேல் வைக்கிறாயா?" என்று கேட்டு அழுதாள். இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை.

அவள் சொல்வது நியாயம். ஆனால் பதிவேட்டில் தழும்பு வரை எழுதினவர்கள் ஆயாவின் அம்மாவுக்குக் கூந்தல் நீளமா குட்டையா என்று எழுதவில்லை. அவளைத் தேட எனக்கு அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை. அதனால் முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன். உள்பக்கம், முடியில் படுகிற துணியில், சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அணிகிறவள் மட்டும் அறிவாள். அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. நீ சொன்னால் கேட்பாள், ஒரு போன் போடு.

உன்னிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. நம் இரண்டு பேர் ஆயாவும் ஒரே வண்டிப்பாதையில், ஒரே இருட்டில் சந்தைக்குப் போனவர்கள். என் ஆயா சேலை ஒன்றுதான் மிச்சம், ஒரு சுற்றுக்குத்தான் வரும். மேல்சுற்றுக்கு உன் ஆயா சேலை வேண்டும், அந்தத் தகரப்பெட்டியில் இருக்கிற நீலக்கட்டம் போட்டது. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. துவைக்காமல் அனுப்பு.

உன்
தையல்காரி