ஓடும் குவாட்டர்பேக்

ஆசிரியருக்கு,

கனடாவில் இருக்கும் உறவுகளின் புண்ணியத்தில் அமெரிக்கன் ஃபுட்போல் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கூடவே, ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக்கைப் பற்றி, "எறியத் தெரியாதவன்தான் ஓடுவான்" என்ற பேச்சும் வந்துவிட்டது. அது பிழை.

குவாட்டர்பேக் பந்தைக் கையளித்துவிட்டு நின்றால், தடுக்கும் 11 பேருக்கு எதிராக மிஞ்சுவது 10 பேர்தான். அவர் ஓடக்கூடியவர் என்றால் கணக்கு மாறும். 'சோன் ரீட்' ஆட்டத்தில் ஓரத்துத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விடுவார்கள். பந்து, அதை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றோடு இருக்கும்போதே குவாட்டர்பேக் அந்த ஆளின் தோளைப் பார்ப்பார். அந்தத் தடுப்பாளர் உள்ளே பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடுவார். தடுப்பாளர் வெளியே நின்றால் பந்தை ரன்னிங் பேக்கிடமே விட்டுவிடுவார். சறுக்குவதும் இங்கேதான். முடிவு கொஞ்சம் பிந்தினால் இருவர் கையும் பந்தில் இருக்கும், பிறகு பந்து நிலத்தில் கிடக்கும்.

ஓட்டத்துக்குப் பயந்து பின்வரிசைத் தடுப்பாளர் முன்னே வந்தால், ஓரத்தில் பந்து பிடிப்பவருக்கு ஒரே ஒரு காவல்தான். எறிவதும் சுலபமாகிவிடும்.

2019இல் போல்டிமோர் அணியின் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் 1,206 யார் தூரம் ஓடினார். அந்த அணி மொத்தம் 3,296 யார் தூரம் ஓடியது. இரண்டும் சாதனைகள். ஆனால் 14 வெற்றி, 2 தோல்வி என்று வந்த அதே அணி பிளேஓஃப் எனும் வெளியேற்றுச் சுற்றில் டெனசி அணியிடம் 28-12 எனத் தோற்றது. பின்தங்கிய பிறகு ஓட்டம் நேரத்தைத் தின்னும். அதோடு அடியும் விழும்; அடியைத் தவிர்க்கக் கால்களை முன்னே நீட்டிச் சறுக்கி விழப் பழகாத குவாட்டர்பேக் பருவம் முடியும்வரை தாங்கமாட்டார்.

வாசகர்,
நல்லூர்.