நாலெப்பா வீதிக்கு நாம் அனுப்பிய கடிதங்கள்

பெர்லின்
14 ஜூன் 2019

அன்புள்ள நாகராஜனுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன். மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்பதைத் தவிர வீட்டுச் செய்தி வேறில்லை. எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

பள்ளியில் படித்த நாளில் சிற்றலையில் ரேடியோ பெர்லின் இன்டர்நேஷனலின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு, ஒலி எங்கே தெளிவாக இருந்தது, எங்கே மங்கியது என்று அறிக்கை எழுதி, சாப்பாட்டுக் காசில் தபால் தலை வாங்கி ஒட்டி அனுப்பினோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த நாலெப்பா வீதிக் கட்டடத்துக்குள் சென்ற சனிக்கிழமை என் காலாலேயே நடந்து போனேன். 21ஆம் எண் டிராமில் இறங்கிச் சற்று நடந்தால் ஸ்ப்ரே ஆற்றங்கரையில் செங்கல் நிறத்தில் நீண்டு கிடக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் வானொலி முழுவதும் இங்கிருந்துதான் இயங்கியது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது, 1990 அக்டோபரில், நம்முடைய அந்த நிலையத்தின் குரலும் அடங்கிப்போனது. இப்போது அதே வளாகத்தில் இசைப்பதிவும் கச்சேரிகளும் ஒலிக்கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன.

1951 முதல் 1956 வரை கட்டிய இதன் கட்டடக் கலைஞர் ஃப்ரான்ஸ் எர்லிக், பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மானியக் கலை, கட்டடக்கலைப் பள்ளியில் பயின்றவர். நாஜிகள் அவரைப் புகன்வால்ட் வதைமுகாமில் அடைத்து, முகாம் வாயிற்கதவின் எழுத்துகளையே அவரைக்கொண்டு வடிவமைக்கச் செய்தார்கள் என்று கேட்டபோது மனம் கனத்தது. அப்படிப்பட்டவருக்கு இங்கே காற்றையும் சுவரையும் வைத்து ஒலியைச் செதுக்கும் வேலை வாய்த்திருக்கிறது. ஒலிப்பதிவு அரங்கு ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வீடாக, தனி அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. பக்கத்து அரங்கின் அதிர்வு இங்கே ஏறாது. நம் வானொலி நிலையத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தபடி ஒலிப்பதிவு செய்த நமக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வானொலி நாடகங்களைப் பதிவுசெய்த பகுதியை நீ பார்க்காமல் போய்விட்டாயே என்பதுதான் என் வருத்தம். அங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஒரே படிக்கட்டுதான், ஆனால் அதை நெடுக்குவாக்கில் பட்டைபட்டையாகப் பிரித்து, ஒன்றைக் கல்லாலும் இன்னொன்றை மரத்தாலும் அமைத்திருக்கிறார்கள். கதாநாயகன் அரண்மனைக்குள் ஏறுகிறானா, குடியிருப்பின் மாடிக்கு ஏறுகிறானா என்பதற்கு ஏற்ப, நடிகர் சற்று நகர்ந்து ஏறினால் போதும். சரளைக்கல் நிரப்பிய தகரத் தட்டில் நீ மண்டியிட்டு, இரண்டு கைகளிலும் செருப்பை மாட்டிக்கொண்டு மாமனார் வரும் ஓசையை உண்டாக்கியது நினைவுக்கு வந்து, வழிகாட்டிப் பெண்ணின் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்கு விளக்கிச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

மாலையில் அதே வளாகத்திலுள்ள மோனோம் என்ற ஒலிக்கூடத்துக்கு மகள் அழைத்துப் போனாள். மேடை இல்லை, இருக்கை வரிசை இல்லை. தூண்தூணாக நிறுத்திய 48 ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றும் எல்லாத் திசைகளிலும் ஒலியைப் பரப்புபவை. காலடியில் துளையிட்ட தளம், அதன் கீழே கனத்த ஒலிக்கான பெட்டிகள். ஃபோர்டிசவுண்ட் என்னும் இந்த முறையை ஆம்ஸ்டர்டாமில் பால் ஓமன் என்பவர் 2007இல் தொடங்கினாராம். விளக்கை அணைத்ததும் இளைஞர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார்கள். முழங்காலை எண்ணி நான் நின்றுகொண்டேன்.

முதல் அரைமணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒலி தலையைச் சுற்றி வண்டாகப் பறந்துகொண்டே இருந்தது; புது சைக்கிள் வாங்கிய பையன் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதைப் போன்ற பெருமிதம். அதன்பின் ஒரு படைப்பு வந்தது. நீர் சொட்டும் ஓசை ஒரு மூலையில், உலோகத்தை மெல்லத் தேய்க்கும் ஓசை நடுவில். இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, நாம்தான் அவற்றிடம் போக வேண்டும். வெளிப்பிராகாரத்தில் கேட்கும் நாகசுரத்தைத் தூண் தூணாகக் கடந்து தேடிப் போவோமே, அந்த நடை.

என் இடக்காது மந்தமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பது உனக்குத் தெரியும். ஒலி வரும் திசையை, இரு காதுகளையும் அது எட்டுவதற்கு இடையே விழும், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவான வேறுபாட்டைக்கொண்டு அறிகிறோம் என்று பயிற்சி வகுப்பில் படித்தோம். அந்தக் கணக்கு எனக்கு இப்போது சரியாக வருவதில்லை. ஸ்டீரியோவில் எதைப் போட்டாலும் எல்லாம் வலப்பக்கமே சாய்ந்து கிடக்கும் என்பதால் பாட்டுக் கேட்பதையே குறைத்துக்கொண்டேன். ஸ்டீரியோ ஒரே ஓர் இருக்கைக்காக, இரண்டு நல்ல காதுகளுக்காகச் செய்தது. அன்றோ, தலையைத் திருப்பியும் நாலடி நடந்தும் நின்றும், அந்தச் சொட்டு விழும் இடத்தை நானே கண்டுபிடித்தேன். கையை நீட்டினேன். கை நனையாதது ஒரு கணம் விந்தையாக இருந்தது.

இவ்வளவு கருவிகளையும் மீறி, அன்று என்னோடு வீடுவரை வந்தது அந்தப் படிக்கட்டுதான் என்றால் பழைய வானொலிக்காரனின் பிடிவாதம் என்பாய். இருக்கட்டும். வழிகாட்டியிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு பட்டையிலும் ஏறி இறங்கிக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். ஜூலை இறுதியில் ஊர் திரும்பியதும் கொண்டுவருகிறேன். பரணில் கிடக்கும் உன் தகரப்பெட்டியைத் திறந்து, நம் அறிக்கைகளுக்குப் பதிலாக வந்த பெர்லின் அட்டைகள் கரையானுக்குத் தப்பியிருக்கின்றனவா என்று அதற்குள் பார்த்து வை. நீ கண்ணை மூடிக்கொண்டு எது கல், எது மரம் என்று சொல்ல வேண்டும். நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

உன்,
கதிரேசன்